வெறுங்காலும் ஆறு ரிப்பன்களும்

இயற்பியல் துறை அளவை அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வாசலில் தொங்கும் பலகையைப் பார்த்துவிட்டு உங்களில் ஒருவர், "செருப்பு சரி, சாக்ஸ எதுக்குக் கழட்டணும்?" என்று கேட்டீர்களாம். என் பழைய மாணவி ஜீனத் பதில் சொல்லாமல், "அது சயாமா கதை, அவங்களே சொல்லட்டும்" என்று என் பக்கம் கை காட்டிவிட்டாள். சயாமா என்றால் இந்த யாங்கோனில் டீச்சரம்மா. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பவளுக்கு வேலை வைப்பதில் அவளுக்கு ஒரு குஷி.

தமிழில்தான் எழுதுகிறேன். வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குப் பர்மியத்தில் சொல்லிக்கொடுங்கள். அறிக்கையெல்லாம் இங்கிலீஷில் எழுதினேன், பாடமெல்லாம் பர்மியத்தில் நடத்தினேன். ஆனால் கோபத்தையும் பெருமையையும் எழுத எனக்கு வேறு மொழி கைகொடுப்பதில்லை.

அலோன் பேட்டையில் இருக்கும் என் சொந்தக்காரர்களுக்கு நான் என்ன வேலை பார்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. "எலக்ட்ரான் டிரான்ஸ்போர்ட்" என்று ஒருமுறை சொன்னதற்கு, தன்லியினுக்குப் போகும் பஸ்ஸில் தினமும் சீட் பிடித்துத் தர முடியுமா என்று ஒரு சித்தப்பா கேட்டார். உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான். பென்சில் கரி என்பது தாள்களை அடுக்கிய கட்டு. டேப் ஒட்டி உரித்து உரித்துப் போனால் கடைசியில் ஓர் அணு கனமே உள்ள ஒற்றைத் தாள் மிஞ்சும், அதற்குப் பெயர் கிராஃபீன். இரண்டு தாள் ஒட்டியபடி கிடைத்தால் இன்னும் விசேஷம். அதற்கு மேலும் கீழும் சரியான மின்னழுத்தம் கொடுத்தால், அதுவரை தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் நின்றுவிட வேண்டும். எடுத்தால் மறுபடி ஓட வேண்டும். அந்த இரட்டைத் தாளை மெல்லிய ரிப்பனாக வெட்டினால் என்ன ஆகும், நிற்பது எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதுதான் ஜீனத்தின் டாக்டர் பட்டத்துக்கான கேள்வி.

ரிப்பன் என்றால் தலைப் பின்னலில் கட்டும் ரிப்பன் இல்லை. ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஆயிரமாகக் கிழித்தால் கிடைக்கும் அகலம். அதை வெட்டும் இயந்திரம் யாங்கோனில் இல்லை. நாங்கள் டேப்பால் உரித்து, மைக்ராஸ்கோப்பில் கண் எரியத் தேடி, நல்ல துண்டைப் பொறுக்கி அனுப்புவோம். சிங்கப்பூரில் ஒரு குழு அதை ரிப்பனாக வெட்டி, இரண்டு முனையிலும் தங்கம் பூசித் திருப்பித் தரும். அளப்பது எங்கள் பொறுப்பு. ஒரு நல்ல துண்டு கிடைக்க எங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும், வெட்ட அவர்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அப்படி நாலு வருஷம் பாடுபட்டு ஜீனத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு சில்லு. அதில் ஆறு ரிப்பன்கள்.

அந்தச் சில்லை சிங்கப்பூர்ப் பேராசிரியரே நேரில் கொண்டுவருவதாக எழுதினார். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது.

அதுவரை எங்கள் அறையில் எல்லாரும் வெறுங்கால்தான். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. இந்த ஊரில் வீட்டுக்குள், கோயிலுக்குள், புத்தர் பாயாவுக்குள், பள்ளிவாசலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை, அதே பழக்கத்தில் ஆய்வு அறைக்கும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம். லுங்கி கட்டி, கன்னத்தில் தனாக்கா மரச் சாந்து பூசி, சிமெண்டுத் தரையில் பாதம் பதிய நடந்து வேலை பார்த்தோம். எனக்கு அது திடீரென்று கூச்சமாகப் பட்டது. வெளிநாட்டு ஆய்வகப் படங்களில் எல்லாரும் வெள்ளைக் கோட்டும் சுத்தமான உள்செருப்புமாக நிற்கிறார்கள். வருகிறவர் நம்மைப் பார்த்து என்ன நினைப்பார்? கடைத்தெருவுக்குப் போய் நீல நிறத்தில் மெத்தென்ற பிளாஸ்டிக் செருப்பு ஆளுக்கொரு ஜோடி வாங்கினேன். மேசை ஆடாமலிருக்க அதன் இரும்புக் கால்களுக்கு ரப்பர் குப்பியும் வாங்கி மாட்டினேன்.

எங்கள் ஸ்டோர் கீப்பர் ஊ மௌங் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அவர் பர்மியர், ஆனால் அலோன் துறைமுகத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர். எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார்.

"என்ன சயாமா, உள்ளுக்குள்ள செருப்பா? இது என்ன, மீன் மார்க்கெட்டா?"

"சுத்தத்துக்கு, ஊ மௌங். வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான்."

"வெளிநாட்டுல பாத்ரூம்ல பேப்பரால தொடைக்கிறான். அதையும் வாங்கியாந்திருக்கீங்களா?"

பேராசிரியர் வந்தார், அறையைப் பார்த்தார், "மிக ஒழுங்காக இருக்கிறது" என்று பாராட்டினார். நான் இரண்டங்குலம் வளர்ந்துவிட்டேன். சில்லைக் கொடுத்துவிட்டு மறுநாள் விமானம் ஏறினார். பொங்கல் கழிந்த வாரம் அது. யாங்கோனில் வருஷத்திலேயே காற்று கொஞ்சம் உலர்ந்திருக்கும் நாட்கள் அவைதான்.

அப்போதும் மின்சாரம் முறை வைத்துத்தான் வந்தது. காலையில் ஒரு தவணை, மத்தியானம் ஒரு தவணை, அதற்குள் அளந்து முடிக்க வேண்டும். முதல் நாள் காலை ஜீனத் முதல் ரிப்பனை இணைத்தாள். தன்லியினிலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற பெண். ஆனால் மேசையில் உட்கார்ந்துவிட்டால் கை கல் மாதிரி நிற்கும். இணைத்து முடித்து மீட்டரைப் பார்த்தோம். மின்னோட்டம் சுத்தமாக இல்லை. ரிப்பன் எரிந்து அறுந்திருந்தது.

மத்தியானம் இரண்டாவதை இணைத்தாள். அது பிழைத்தது. ஆனால் அதன் விளிம்பு கரடுமுரடாக வெட்டுப்பட்டிருந்ததால் விடை தெளிவாக வரவில்லை.

கரண்டு மாறும்போது ஏதோ துள்ளல் வந்து முதல் ரிப்பனைக் கொன்றிருக்கும் என்று முடிவு கட்டினேன். இந்த ஊரில் எது கெட்டாலும் பழி போட மின்சாரம் தயாராக இருக்கிறது. எல்லாவற்றையும் பேட்டரிக்கு மாற்றினோம். உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை இறக்கும் கைப்பட்டை ஒன்று பல வருஷமாக உறை பிரிக்காமல் இழுப்பறையில் கிடந்தது. இதுவரை அதற்குத் தேவையே வந்ததில்லை. அதையும் எடுத்து ஜீனத்தின் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை மேசையின் இரும்புக் காலில் மாட்டினேன். மறுநாள் காலை மூன்றாவது ரிப்பன். அதுவும் போயிற்று.

அன்றைக்கே சிங்கப்பூரிலிருந்து கடிதம் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். மிச்சமிருப்பதைத் தொட வேண்டாம், திருப்பி அனுப்புங்கள், நாங்களே அளந்துகொள்கிறோம், கட்டுரையின் கடைசியில் ஜீனத்துக்கு நன்றி தெரிவிக்கிறோம். நாலு வருஷ உழைப்புக்குக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி! அந்த அளவீடு இல்லாமல் அவளுக்குப் பட்டம் கிடையாது. இன்னொரு சில்லுக்குக் காத்திருக்க அவளுடைய உதவித்தொகைக் காலமும் மிச்சமில்லை.

அந்தக் கடிதத்தைப் படித்த சூட்டில் நான் செய்ததை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

"கை ஒரு பக்கம், மனசு ஒரு பக்கமா? எழுந்திரு. போய் வாசல்ல உக்காரு. நான் பாத்துக்கறேன்" என்றேன். ஊ மௌங் முன்னால் சொன்னேன். ஜீனத் எழுந்தாள். கைப்பட்டையைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். வாசல் பக்கமிருந்த ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

தொடாதே என்று எழுதியிருந்த ரிப்பனைத் தொட்டேன். முப்பது வருஷக் கை இது, எனக்கா வராது என்ற திமிர். ஏசி போட்டிருந்தது. என் புது நீலச் செருப்பில் அலமாரிக்கும் மேசைக்குமாக நாலு நடை நடந்து, கைப்பட்டையை மாட்டி, நாலாவது ரிப்பனை நானே இணைத்தேன். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

முதலில் வந்த நினைப்பு, இதை நோட்டில் எழுதாமல் விட்டால் என்ன என்பது. சில்லு வரும்போதே நாலாவது சரியில்லை என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? திரும்பிப் பார்த்தேன். ஜீனத் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுதல் இல்லை, பயம்தான் இருந்தது. எனக்காகப் பயப்படுகிறாள் என்று தெரிந்தபோது அவமானமாக இருந்தது. பேனாவை எடுத்து, "நாலாவது, காலை, இணைத்தது நான், செத்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிள்ளைகளே, என் வேலைக் காலத்தில் நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் ஜீனத்துக்கு வாய் திறந்தது.

"சயாமா, அந்த நோட்ட ஒருதரம் நான் பாக்கலாமா?"

ஒரு மாதப் பக்கங்களைப் புரட்டினாள். ரிப்பன் வருமுன் பழகுவதற்காகப் பழைய துண்டுகளை இணைத்துப் பார்த்த கணக்கும் அதில் இருந்தது. செருப்பு வாங்கிய நாளிலிருந்து வரிசையாக விரல் வைத்துக்கொண்டே போனாள்.

"காலையில தொட்டதுல முக்காவாசி போயிருக்கு. மத்தியானம் தொட்டது ஒண்ணுகூடப் போகல."

ஊ மௌங் எட்டிப் பார்த்தார். "நான்தான் அன்னைக்கே நெனச்சேனே! மத்தியானம் இந்தப் பொண்ணு தொழுதுட்டு வந்து தொடுது. அதான் நிக்குது. சயாமா, நீங்களும் கோயிலுக்குப் போயிட்டு வந்து தொடுங்க."

நான் சிரிக்கவில்லை. அந்த நிமிஷம் என்னிடம் வேறு விளக்கமே இல்லை. மனசுக்குள் அம்மனுக்கு ஒரு தேங்காய்கூட நேர்ந்துகொண்டேன்.

ஜீனத்துக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. "இதுக்குத்தான் ரெண்டு நாளா சொல்லாம இருந்தேன். தொழுகைய வெச்சுப் பெருமை அடிச்சுக்கறேன்னு ஆயிரும். அல்லாவுக்கு இந்த ரிப்பன்ல என்ன வேலை, ஊ மௌங்? என் காலப் பாருங்க."

பார்த்தோம். இப்போது காலில் நீலச் செருப்பு இருந்தது. மத்தியானத் தொழுகைக்கு முன் அவள் குழாயடியில் ஒளு செய்வாள். கை, முகம் கழுவி, கடைசியில் பாதம் கழுவுவாள். ஸ்டோர் பக்கத்துச் சின்ன அறையில் தொழுதுவிட்டு, ஈரம் முழுசாகக் காயாத வெறுங்காலோடு நேராக மேசைக்கு வந்துவிடுவாள். நீலச் செருப்பு தொழுகை அறை வாசலிலேயே கிடக்கும். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் அதைத் தேடுவாள்.

தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே அடித்துக்கொண்டேன். நடக்க நடக்க உடம்பில் மின்சாரம் சேரும். வெறுங்காலாக இருந்தால் அது சிமெண்டுத் தரையில் ஓசைப்படாமல் இறங்கிவிடும். மெத்தென்ற பிளாஸ்டிக்கில் நின்றால் இறங்க வழியில்லை. ஏசி காற்று உலர வைக்க, சேர்ந்ததெல்லாம் அப்படியே நிற்கும். விரல் நுனியிலிருந்து ஒரு துளி தாவினால் நமக்கு உறைக்காது, தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும் ரிப்பனுக்கு அது இடி. கைப்பட்டை ஏன் காப்பாற்றவில்லை? மேசைக் காலில் மாட்டினேன், மேசைக் காலுக்கு ரப்பர் குப்பி போட்டவளும் நானே. எங்கள் கட்டடத்துப் பிளக்குகளில் எர்த் ஓட்டை இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. அதனால் மீட்டர்களுக்காக ஜன்னலுக்கு வெளியே செம்புத் தடி அடித்து எர்த் எடுத்திருந்தோம். அந்தத் தடியைச் சுத்தியலால் அடித்தவளும் நான்தான். எல்லாம் தெரிந்தவள், தன் காலை மட்டும் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு விளக்கம் அழகாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடக் கூடாது. மின்னூட்டம் அளக்கும் கருவியை எடுத்து வைத்தோம். ஊ மௌங்கைச் செருப்புப் போட்டு அறைக்குள் நடக்கச் சொல்லித் தொட வைத்தோம். முள் எகிறியது. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து தொட்டார். முள் அசையவில்லை. அவர் அதை ஏழெட்டு முறை செய்து காட்டினார், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை.

அன்று மாலை ஜீனத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "உன்ன வாசல்ல உக்கார வெச்சது தப்பு. ஊ மௌங் முன்னால சொன்னேன், அவர் முன்னாலயே கேக்கறேன்" என்றேன். "விடுங்க சயாமா, ரெண்டு ரிப்பன் இருக்கு, அதப் பாப்போம்" என்றாள்.

சிங்கப்பூருக்கு முதலில் எழுதிய கடிதத்தில், "உள்ளூர்த் தட்பவெப்பம் காரணமாக ஏற்பட்ட நிலைமின் பிரச்சினை" என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது அது யாங்கோன் காற்றின் மேல் பழி போடுவதாக இருந்தது. அழித்துவிட்டு, உங்கள் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று நான் வாங்கிய செருப்புதான் மூன்று ரிப்பன்களைக் கொன்றது, அதில் ஒன்று நீங்கள் தொடாதே என்ற பிறகு என் கையால் செத்தது, ஜீனத்தின் கையில் பிசகில்லை என்று எழுதினேன். மிச்சம் இரண்டில் ஒன்றை அவள் அளக்க விடுங்கள், மற்றதைத் தொடாமல் திருப்பித் தருகிறோம், நீங்களே அளந்து சரிபாருங்கள் என்றும் கேட்டேன். அனுப்பிவிட்டு, இந்த வயதில் ஊர் சிரிக்கப் போகிறது என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒன்று மட்டும் அளக்கலாம் என்றிருந்தது.

மேசைக் கால் குப்பிகளைக் கழற்றினோம். கைப்பட்டையைச் செம்புத் தடிக்கே இணைத்தோம். செருப்புகளை ஊ மௌங் மகிழ்ச்சியாக ஒரு மூட்டையில் கட்டினார். காலைத் தவணை மின்சாரம் வந்தது. எனக்கு உள்ளுக்குள், எதற்கு வம்பு, மத்தியானம் தொழுதுவிட்டே வரட்டும் என்றுதான் இருந்தது. அதை வாய்விட்டும் சொன்னேன்.

"இல்ல சயாமா, இப்பவே செய்யறேன். காரணம் கால்தான்னா காலையிலயும் நிக்கணும். தொழுதுட்டு செஞ்சு அது நின்னுச்சுன்னா, நாளைக்கு ஊ மௌங் என் பேர்ல ஒரு தர்கா கட்டிருவாரு."

அவளுடைய பட்டம், நாலு வருஷம், எல்லாம் அந்த ஒரு இணைப்பில் இருந்தது. பிழைக்கிற வழி கண்ணுக்குத் தெரிந்தும், எது உண்மை என்று காட்டுகிற வழியை அவள் எடுத்தாள். இந்தத் தொழிலில் எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அன்று காலை அவள் காட்டிய துணிச்சலை வேறு யாரிடமும் பார்த்ததில்லை. என்னிடமும் அது இருந்ததில்லை.

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இணைத்தாள். மீட்டரில் எண் வந்தது. மேலும் கீழும் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினாள். எண் குறைந்தது, இன்னும் குறைந்தது, ஓரிடத்தில் ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போயிற்று. செத்துவிட்டதோ? அவள் அசையாமல் மின்னழுத்தத்தை இறக்கினாள். எண் திரும்பி வந்தது. மறுபடி ஏற்றினாள், எலக்ட்ரான்கள் நின்றன. இறக்கினாள், ஓடின. மூன்றாவது முறை ஏற்றி இறக்கியபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஊ மௌங்குக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் மூக்கைச் சிந்தினார்.

ஆறாவது ரிப்பனைச் சொன்னபடி திருப்பி அனுப்பினோம். அவர்கள் அளந்து வரைந்த கோட்டை ஜீனத் வரைந்த கோட்டின் மேல் வைத்துப் பார்த்தோம். இரண்டும் பிசகாமல் பொருந்தின. கட்டுரையில் அவள் பெயர் முதலில் வந்தது. அடுத்த தடவை பேராசிரியர் வந்தபோது வாசலில் தானாகவே ஷூவைக் கழற்றினார். சாக்ஸோடு உள்ளே வரப் பார்த்தவரை, அதிலும் மின்சாரம் தரைக்கு இறங்காது என்று ஜீனத் தடுத்தாள். அன்று எழுதி மாட்டியதுதான் அந்தப் பலகை.

கைப்பட்டை இருக்கும்போது வெறுங்கால் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். கைப்பட்டையை மாட்ட மறக்கலாம், தப்பான இடத்தில் மாட்டலாம், நானே மாட்டியிருக்கிறேன். பாதத்தை யாரும் வீட்டில் வைத்துவிட்டு வர முடியாது.

போன மாதம் உங்களையெல்லாம் பார்க்கலாம் என்று வந்தேன். கால் வீக்கத்துக்கு டாக்டர் எந்நேரமும் சாக்ஸ் போடச் சொல்லியிருக்கிறார். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஓசைப்படாமல் உள்ளே கால் வைத்தேன். மேசையில் ஏதோ இணைத்துக்கொண்டிருந்த ஜீனத் திரும்பவேயில்லை.

"சயாமா, சாக்ஸ்" என்றாள்.

"எப்படிடி தெரிஞ்சது?"

"வெறுங்கால் சத்தம் கேக்கலையே."

"டாக்டர் கழட்டக் கூடாதுன்னிருக்காரு."

"அப்ப வாசல்ல உக்காருங்க சயாமா. உள்ள ரிப்பன் இருக்கு."

அதே ஸ்டூல். போய் உட்கார்ந்தேன். ஊ மௌங் டீ கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்கட்டும். எத்தனையோ மேடையில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள், இவ்வளவு பெருமையாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.